சாட்ஸ்வர்த் மாளிகை அட்டை மாதிரி: வடக்குச் சுவர் ஒருவழியாக உட்கார்ந்தது

சாட்ஸ்வர்த் மாளிகையை அட்டையில் செய்ய ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. இங்கிலாந்தின் டார்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் டெவன்ஷயர் பிரபுக்களின் வீடு அது. இன்றைக்கு நிற்கும் வீட்டை மட்டும் செய்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. எந்தக் காலத்தில் யார் எதை இடித்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதைச் சுவர் சுவராகக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடு.

1:200 அளவு எடுத்துக்கொண்டேன். 16ஆம் நூற்றாண்டில் பெஸ் ஆஃப் ஹார்ட்விக்கும் அவர் கணவர் வில்லியம் கேவண்டிஷும் கட்டத் தொடங்கிய முதல் வீடு, நடுவில் முற்றம் வைத்த சதுரக்கட்டு. தெற்கு வடக்கில் சுமார் 170 அடி, கிழக்கு மேற்கில் 190 அடி. என் மேசையில் அது 26க்கு 29 சென்டிமீட்டர். மேற்கே நான்கு சிறு கோபுரங்களோடு வாசல். இதை மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையில் செய்து முடிக்க மூன்று வாரம் பிடித்தது.

அப்புறம்தான் சிக்கல். 1687இல் அந்தக் குடும்பத்தின் நான்காம் ஏர்ல் (ஏர்ல் ஒரு பிரபுப் பட்டம்), அதாவது பின்னாளில் அதைவிட உயர்ந்த டியூக் பட்டம் பெற்று முதல் டியூக் ஆனவர், வில்லியம் டால்மன் என்ற கட்டடக் கலைஞரை வைத்துத் தெற்குப் பக்கத்தை மட்டும் புதுப்பிக்கத் தொடங்கினார். பிறகு கிழக்கு, மேற்கு, கடைசியாக வடக்கு. 1707இல் அவர் இறக்கும்போது நான்கு பக்கமும் மாறியிருந்தன. நான் முதலில் நினைத்தது, பழைய வீட்டின் மேல் புதிய முகப்புகளை உறைபோல மாட்டிவிடலாம் என்று. மாட்டவே முடியவில்லை, கோபுரங்கள் இடித்தன. கடைசியில் பழைய வெளிச்சுவர்களையும் தனித்தனியாகக் கழலும்படி வெட்டினேன். பழைய சுவர் ஒன்றை எடுத்தால்தான் புதிய சுவர் ஒன்று உட்காரும். அவர்களும் ஒவ்வொரு பக்கமாக அப்படித்தானே செய்திருக்கிறார்கள்!

தெற்கு முகப்பில் சுவரை ஒட்டிய அரைத்தூண்கள் இரண்டு ஓரங்களில் மட்டும்தான். சன்னல் வரிசைகள் 12. பென்சிலால் நடுக்கோடு போட்டதும், அது இரண்டு சன்னல்களுக்கு இடையில் வெறும் சுவரில் விழுந்தது. இந்த மாதிரி முகப்பில் ஒற்றைப்படையில் வைத்து நடுவை எடுப்பாகக் காட்டுவதுதான் வழக்கம். மேற்கில் அப்படியே இருக்கிறது: ஒன்பது வரிசை, நடுவில் முக்கோண முகடு. தெற்கில் கண்ணுக்கு நடு என்று ஒன்றும் பிடிபடாது. எனக்கு என்னவோ இந்தத் தெற்கு முகப்புதான் அதிகம் பிடிக்கிறது.

உள்ளே இன்னொரு சங்கதி. அரசர் வந்தால் தங்குவதற்கென்று டியூக் செய்த பெரிய அறைகள் உச்சி மாடியில் இருக்கின்றன. பெஸ் காலத்தில் வீட்டின் சிறந்த கூடம் மேலேதான். மேல்மாடிக் கூரையைத் திறந்து பார்க்கும்படி நான் செய்ததற்குக் காரணம் இது. வெளியே எல்லாம் மாறினாலும் வீட்டின் பழைய புத்தி உள்ளே அப்படியே இருக்கிறது.

சரி, வடக்குச் சுவருக்கு வருகிறேன். இதற்கு மட்டும் ஐந்து வாரம். மேற்கு முகப்பின் வடக்கு முனை, கிழக்கு முகப்பின் முனையைவிட 9 அடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. என் அளவில் 14 மில்லிமீட்டர். கணக்கில் இதைக் கவனிக்காமல் நேராக ஒரு சுவர் வெட்டி ஒட்டினேன். வீடு ஒருபக்கம் இழுத்துக்கொண்டதுபோல் கோணலாக நின்றது. தாமஸ் ஆர்ச்சர் என்ற கட்டடக் கலைஞர் அங்கே என்ன செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. சுவரின் நடுப்பகுதியை வில்போல லேசாக முன்னால் வளைத்துவிட்டார். கண் அந்த வளைவின்மேல் போய்விடும், கோணல் தெரியாது.

மவுண்ட் போர்டு வளையாது, மடிந்துவிடும். மெல்லிய அட்டை மூன்று தாள்களைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு பாட்டிலைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக் காயவைத்தேன். வளைவு மிக அதிகம். அடுத்த முறை வீட்டில் இருந்த பெரிய வாளியைப் பிடித்தேன். வளைவு சரியாக வந்தது, ஆனால் முன்பே வெட்டிவைத்த சன்னல்களின் மூலைகளில் அட்டை முறிந்து கோடு விழுந்துவிட்டது. மூன்றாவது முறை, ஒட்டி வளைத்து இரவு முழுக்கக் காயவிட்ட பிறகு, வாளியிலிருந்து எடுக்காமலே புது பிளேடால் சன்னல்களை வெட்டினேன். மூலைகள் கூர்மையாக வந்தன. மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். வளைவில் நிழல் மெல்ல மெல்ல அடர்ந்து போகிறது, அந்த 14 மில்லிமீட்டரைக் காணோம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முற்றத்துக்குள் சொருக 'ப' வடிவத்தில் ஒரு துண்டும் தயார். 19ஆம் நூற்றாண்டில் மூன்று பக்கமும் மூன்று தளத்திலும் புதிதாகக் கட்டியதால் முற்றம் சுருங்கிவிட்டது. துண்டை உள்ளே இறக்கினால் அந்தச் சுருக்கம் பளிச்சென்று தெரிகிறது.

மேற்கு, தெற்கு முகப்புகளின் சன்னல் சட்டங்கள் நிஜத்தில் தங்க இலை ஒட்டியவை. தங்க நிற ஜெல் பேனாவால் இழுத்தேன், கைபட்டால் தேய்ந்துவிடுகிறது. மேலே வார்னிஷ் ஒரு பூச்சு கொடுக்க வேண்டும்.

பாக்கி இருப்பது ஆறாம் டியூக்குக்காக ஜெஃப்ரி வயட்வில் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வடக்குச் சிறகு, அதாவது வீட்டோடு ஒட்டி நீளும் பக்கக் கட்டடம். வடகிழக்கு மூலையிலிருந்து சுமார் 400 அடி ஓடி, ஒரு கோபுரத்தில் முடிகிறது. வீட்டின் அளவையே அது இரட்டிப்பாக்கிவிட்டது. என் கணக்கில் 61 சென்டிமீட்டர். நான் வாங்கிய அடிப்பலகை 60 சென்டிமீட்டர் சதுரம். வீடும் சிறகும் சேர்ந்தால் 87. நிலமும் தெற்கிலும் கிழக்கிலும் மேடு, வடக்கிலும் மேற்கிலும் தாழ்வு என்பதால் தட்டைப் பலகை எப்படியும் உதவாது. ஒரு மீட்டர் நீளப் பலகையும், சரிவு செதுக்கத் தெர்மாகோலும் சனிக்கிழமை வாங்கப் போகிறேன்.