மனு எழுதிய ஆடி மாதம்

2025 ஜூலை 20, ஞாயிறு

நாளைக்குப் பார்லிமெண்ட் கூடுகிறது. ராணுவச் சட்டம் தன்பாலீர்ப்பு உள்ளவர்களைத் தண்டிக்க இடம் தருவதை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதுகிறேன். கூட்டத்துக்குள் அதை முடித்துவிடுவேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒரு பக்கம்தான் ஆகியிருக்கிறது. காலையில் ஏரிக்கரையில் பையன்களை 1600 மீட்டர் ஓடவிட்டு (அக்னிவீர் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவர்கள், பதினாலு பேர், அதில் இரண்டு பேருக்கு இன்னும் ஷூ வாங்கவில்லை) வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, மனம் ஒத்த, வயதுவந்த இரண்டு பேர் விஷயத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு (தன்பாலின உறவைக் குற்றமாக்கிய பிரிவு) செல்லாது என்றார்கள். போன வருஷம் ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமே போய்விட்டது, புதுச் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது. ஆனால் 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டம் அப்படியே இருக்கிறது. அதில் 46-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, கொடூரமான, அசிங்கமான, அல்லது இயற்கைக்கு மாறான இழிசெயல் செய்தால் கோர்ட் மார்ஷலில் (ராணுவ நீதிமன்றம்) ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. இயற்கைக்கு மாறானது எது என்று எங்கும் விளக்கவில்லை. அதில் மாட்டாவிட்டால் 63 இருக்கிறது, ஒழுங்குக்குக் கேடு என்று எதையும் அதில் போடலாம். அதிகாரிக்கும் ஜேசிஓவுக்கும் (சுபேதார் மாதிரிப் பதவியில் இருப்பவர்) பதவிக்குத் தகாத நடத்தை என்று 45 தனியாக இருக்கிறது. அடிப்படை உரிமை என்று நாம் பேச ஆரம்பித்தால், படையில் இருப்பவனுக்கு அந்த உரிமையைக் குறைக்கப் பார்லிமெண்டுக்கு அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது என்று பதில் வரும்.

தன்பாலீர்ப்பு உள்ளவன் படையில் சேரக்கூடாது என்று எந்தப் பேப்பரிலும் எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, நாங்களே வாயை மூடிக்கொள்வோம்.

நான் 2000-இல் குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவப் பயிற்சி சென்டரில் சேர்ந்தேன், 2017-இல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தேன். ரிட்டயர் ஆனாலும் சர்வீஸில் இருந்தபோது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு மூன்று வருஷம் வரை விசாரணை ஆரம்பிக்கலாம், அது 123-ஆம் பிரிவு. அந்த மூன்று வருஷத்தையும் நான் எண்ணினேன். எப்போது முடிகிறதென்று பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் ஒரு புள்ளி வைத்திருந்தேன், அம்மா அது கேஸ் சிலிண்டர் புக் பண்ணின நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஜூலை 26, சனி

கார்கில் தினம். நம் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் ஒரு சின்ன மண்டபத்தில் கூடினோம். இரண்டு நிமிஷ மௌனம், அப்புறம் டீ, மிக்சர், அப்புறம் வழக்கம்போல கேன்டீன் கோட்டா குறைந்துவிட்டதைப் பற்றி முக்கால் மணி நேரம். அது முடிந்ததும் நான் மனுவை எடுத்தேன். நான் யார் என்று எட்டுப் பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. கை நடுங்கவில்லை, காது மட்டும் சூடாகிப் போனது.

ஒருத்தர் சிரித்தார். ஒருத்தர், "குடும்பத்தோட வந்திருக்கோம்ப்பா" என்று எழுந்து போனார். சிக்னல்ஸில் இருந்த ஒரு நாயக் பேனாவை வாங்கி, எதுவும் கேட்காமல், படிக்காமல்கூடக் கையெழுத்துப் போட்டார். படியுங்கள் என்றேன். "நீ எழுதியிருக்க, அதான் போட்டேன்" என்றார். இந்த மாதிரிக் கையெழுத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, ஆனால் வைத்துக்கொண்டேன்.

சுபேதார் சாப் (என் பழைய பிளாட்டூனில் சீனியர், இப்போது அம்மாப்பேட்டைப் பக்கம் வீடு) கடைசி வரை ஒன்றும் பேசவில்லை. பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு, "ஆடிப் பதினெட்டுக்கு வீட்டுக்கு வா தம்பி" என்றார்.

ஜூலை 30

மூன்று கையெழுத்து இரண்டாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்தது: "தம்பி என் பேர எடுத்துருப்பா, பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம்." எடுத்துவிட்டேன். கோபமில்லை, அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

இந்த வருஷம் மேட்டூர் நிரம்பிவிட்டதால் ஊரே காவேரிக்குப் போயிருக்கிறது, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சாப் வீட்டில் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், எல்லாம் நான்கு பேருக்கு வரும் அளவு தட்டில் வைத்து அக்கா தந்தார்கள். சாப்பிட்ட பிறகுதான் பேச்சு.

ஹாலில் ஜெனரல் பிபின் ராவத் படம் மாட்டியிருக்கிறது. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி அவர் ஹெலிகாப்டர் குன்னூர் பக்கம் விழுந்தது நம் சென்டர் இருக்கிற வெலிங்டனுக்கு வரும் வழியில், அதனால் எங்கள் ஆட்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். அதே ராவத்தான் 2019 ஜனவரியில் ராணுவத் தளபதியாக இருந்தபோது நிருபர்களிடம், ராணுவம் பழமையில் ஊறியது, இதெல்லாம் எங்களிடம் ஏற்புடையதல்ல, ராணுவச் சட்டப்படி நடவடிக்கை தொடரும் என்று சொன்னார். நான் அதை ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு டீக்கடை டிவியில் பார்த்தேன். என் மூன்று வருஷக் கணக்கில் அப்போது பாதிகூடத் தாண்டவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவர் சொன்னதற்கு எதிராகப் பேச வேண்டியிருந்தது.

சாப் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் மனுவை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"46-ல முதல் உட்பிரிவை மொத்தமா எடுக்கணும்னு போட்டிருக்க."

"ஆமாங்க சாப்."

"எடுத்துட்டா, ரெக்ரூட்டுப் பையன ராத்திரி கூப்புட்டுக் கால் பிடிக்கச் சொல்றானே, அவன எதுல போடுவ?"

எனக்குப் பதில் வரவில்லை.

"நீ உன்ன நெனச்சு எழுதியிருக்க. தப்பில்ல. நான் நாற்பது பையன்கள நெனச்சுப் படிக்கிறேன்."

பிறகு கிளம்பும்போது அக்கா பெரிய டப்பாவில் சாதம் கட்டிக் கொடுத்தார்கள். சாப் வாசல்வரை வந்தார், கையெழுத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 4, விடியற்காலை

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

எந்த யூனிட், எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன் எங்கள் பேரக்குக்கு வந்தான். நல்லா ஓடுவான், லங்கரில் (படைச் சமையல்கூடம்) சப்பாத்தி சுடும்போது பாட்டுப் பாடுவான். கொஞ்ச நாளில் அவன் பூட்ஸோடு படுக்க ஆரம்பித்தான். லேஸை முழுசாக ஏற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, கம்பளிக்குள் காலை இழுத்துக்கொண்டு. சோம்பேறி, காலையில் ஃபால்-இன்னுக்கு லேட்டாகும் என்று இப்படிச் செய்கிறான் என்று எல்லாரும் கேலி செய்தார்கள். எனக்குத் தெரியும். ஒரு சீனியர் அவனை ராத்திரியில் கூப்பிடுவதை இரண்டு தடவை பார்த்தேன்.

புகார் கொடு என்றேன். "குடுத்தா என்னையும் அதே கேஸ்லதானே அண்ணா சேப்பாங்க?" என்றான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிரிவில் விருப்பம் என்ற பேச்சே கிடையாது, எழுதியிருப்பது செயலைப் பற்றி மட்டும்தான், அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. நானே போய்ச் சொல்லியிருக்கலாம். போனால் முதல் கேள்வி, உனக்கு எப்படித் தெரியும், நீ ஏன் கவனித்தாய் என்று வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

லீவில் போனவன் திரும்பி வரவில்லை. ராணுவ ரெக்கார்டில் அவன் ஓடிப்போனவன்.

சாப்புக்கு இந்தக் கதை தெரியாது. தெரியாமலேயே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவும் மூடுபனிதான், பன்னிரண்டாவது வளைவில் பஸ் நின்று ஒரு காட்டெருமைக்கு வழிவிட்டது. நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் காவலுக்கு இருக்கும் ஒரு முன்னாள் லான்ஸ் நாயக்கைப் பார்க்கப் போனேன். சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி ஏறி நனைந்து நிற்கிறது, அவர் அறையில் காகிதம்கூட ஈரம், பேனா எழுதவே இல்லை. கடைசியில் பென்சிலால் போட்டுவிட்டு அதன்மேல் நாளைக்கு மையால் ஏற்றித் தருகிறேன் என்றார். கூடவே ஒரு எஸ்டேட் டிரைவரும் இருந்தார். அவர் யார் என்று அறிமுகம் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று டம்ளர் கருப்பட்டிக் காபி வந்தது, மூன்றாவது டம்ளரை எங்கே வைக்கவேண்டும் என்று யாரும் சொல்லாமலே அந்த டிரைவருக்குத் தெரிந்திருந்தது.

இறங்கி வந்து வக்கீல் தோழியோடு இரண்டு மணி நேரம் போனில் பேசி மனுவை மாற்றினோம். சாப் சொன்னது சட்டப்படியும் சரிதான். புதுச் சட்டத்தில் கற்பழிப்புக் குற்றம் பெண்ணுக்கு நடந்தால்தான், ஆணுக்கு நடந்தால் அதற்கென்று தனிப் பிரிவு இல்லை. 46-ஐ அப்படியே எடுத்தால் அந்தப் பத்தொன்பது வயசுப் பையனுக்கு இருக்கிற ஓட்டைக் குடையும் போய்விடும். அதனால் இப்போது இரண்டு கோரிக்கை. ஒன்று, வற்புறுத்தல், பதவியைக் காட்டி மிரட்டல், இதற்கு ஆண் பெண் பார்க்காமல் தெளிவான குற்றம் எழுதுங்கள், புகார் கொடுப்பவனைக் குற்றவாளியாக்காதீர்கள். இரண்டு, மனம் ஒத்த, வயதுவந்தவர்களை அந்தப் பிரிவிலிருந்தும் 45, 63-இலிருந்தும் விலக்குங்கள், நான் இன்னார் என்று சொல்வதே ஒழுங்குக்கேடு ஆகக்கூடாது.

தோழி வெளிநாட்டுக் கதைகளைச் சேர்க்கச் சொன்னாள். அமெரிக்காவில் 1994 முதல் "கேட்காதே, சொல்லாதே" என்று ஒரு சட்டம் இருந்தது, 2011 செப்டம்பரில் முடியும்போது 13,000 பேருக்கு மேல் வெளியே அனுப்பியிருந்தார்கள். அதை வெட்டிவிட்டேன். அமெரிக்காவைச் சொன்னால் நம் ஆட்கள் படிப்பதையே நிறுத்துவார்கள். பிரிட்டனை மட்டும் வைத்தேன். "இயற்கைக்கு மாறான" என்ற அந்தச் சொல் வெள்ளைக்காரன் எழுதிய ராணுவச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. அவன் 1999-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்று, 2000 ஜனவரியில் தன் படையில் தடையை எடுத்துவிட்டான், 2023-இல் அவர்கள் பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்பும் கேட்டார். நான் வெலிங்டனில் மொட்டைக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே 2000.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினோம், ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். பதினாலு பையன்களில் பதிமூன்று பேர்தான் வந்தார்கள். வராதவன் அம்மா போன் செய்து, "வேற கோச்சிங் பாத்துட்டோம்ங்க சார்" என்றார். காரணம் கேட்கவில்லை. அவன்தான் இருப்பதிலேயே நல்லா ஓடுகிறவன், மூச்சை மட்டும் கொஞ்சம் சரிசெய்ய வேண்டும், புது மாஸ்டர் கவனித்தால் சரி.

செப்டம்பர் 6, சனி

தீர்ப்பு வந்து ஏழு வருஷம். ஒன்பது கையெழுத்து ஆகியிருக்கிறது, பென்சில் மையாகிவிட்டது. ஒன்று பாதுகாப்பு அமைச்சகத்துக்கு, ஒரு நகல் நம் எம்பிக்கு. தபால் ஆபீஸ் கவுண்டரில் அனுப்புநர் இடத்தில் பெயரை எழுதிவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன், பிறகு ஹவில்தார் (ஓய்வு) என்றும் சேர்த்தேன். உள்ளே இருந்த பெண், "மிலிட்டரியா சார், என் தம்பியும் ட்ரை பண்ணிட்டு இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே எடை போட்டார். ஏரிக்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்து தட்டுவடை செட் வாங்கி வாயில் வைக்கும் நேரத்தில் சாப் போன்.

"அனுப்பிட்டியா?"

"இப்பத்தாங்க சாப்."

"அந்த ரெக்ரூட் விஷயம் மேல போட்டிருக்கியா, கீழ போட்டிருக்கியா?"

"முதல் பக்கத்துல, முதல் கோரிக்கையா."

"ம்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பின்னால் குக்கர் விசில் கேட்டது. "அடுத்த தடவை போடும்போது கொண்டு வா, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.