சொல்லின் இறுதியும் சொல்லின் இடமும்

முப்பது வயதைக் கடந்த பிறகு ஆங்கில இலக்கணத்தை முதல் பாடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். பள்ளியில் படிக்கவில்லையா என்று கேட்டால், படித்தேன். காலங்களின் அட்டவணையை மனப்பாடமாக ஒப்புவித்து மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் மின்னஞ்சலில் நான்கு வரி எழுத உட்கார்ந்தால், அந்த அட்டவணையின் எந்தக் கட்டத்திலிருந்து வினைச்சொல்லை எடுப்பது என்று தெரியாமல் கை நின்றுவிடும். ஆகவே இம்முறை அட்டவணையை மூடி வைத்துவிட்டு, நான் செய்யும் பிழைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான் சொல்ல நினைத்த தமிழ் வாக்கியத்தையும் எழுதி வந்தேன். சில பக்கங்கள் நிறைந்ததும் ஒன்று தெரிந்தது: என் ஆங்கிலப் பிழைகளில் பெரும்பாலானவை தமிழ் இலக்கணப்படி சரியாகவே இருந்தன.

‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் துரத்தியது நாய்தான், ஓடியது பூனைதான். ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு செயப்படுபொருளோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், சொற்களை எங்கே நகர்த்தினாலும் பொருள் கலைவதில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லை. ‘தி டாக் சேஸ்டு தி கேட்’ என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். தமிழ் சொல்லின் இறுதியில் வைத்திருப்பதை ஆங்கிலம் சொல்லின் இடத்தில் வைத்திருக்கிறது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையைப் பள்ளியில் வெறும் விதியாகப் படித்தேன். உருபு செய்யும் வேலையை அந்த வரிசைதான் செய்கிறது என்று அப்போது புரியவில்லை.

எழுவாயின் கட்டாயமும் இதோடு சேர்ந்ததே. ‘வருகிறேன்’ என்றால் வருபவர் நான் என்பது வினைமுற்றிலேயே இருக்கிறது; ‘வருகிறாள்’ என்றால் பாலும் தெரிந்துவிடுகிறது. ஆங்கில வினையில் அத்தகைய விகுதிகள் ஏறக்குறைய எல்லாம் தேய்ந்துபோய், நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் வரும் ஓர் ‘எஸ்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘ஷி கம்ஸ்’ என்பதில் அதை எத்தனை முறை விட்டிருப்பேன் என்று கணக்கில்லை. விகுதி போன இடத்தை நிரப்ப எழுவாய் வந்தே தீரவேண்டும், மழை பெய்தாலும் கூட. ‘இட் இஸ் ரெய்னிங்’ என்பதில் வரும் ‘இட்’ எதைக் குறிக்கிறது என்று நெடுநேரம் தேடியிருக்கிறேன். அது எதையும் குறிக்கவில்லை. காலி நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும் என்பதற்காக உட்கார்ந்திருக்கிறது. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ ஆகியவற்றிலும் ‘எனக்கு’ என்பதன் நான்காம் வேற்றுமையைக் கழற்றிவிட்டு, ஆங்கில ‘ஐ’ (நான்) என்று எழுவாயாக நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

‘அவர் ஆசிரியர்’ என்ற வாக்கியத்தில் வினையே இல்லை. ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் அது நிற்காது. இதை விரைவில் கற்றுக்கொண்டேன், கற்றுக்கொண்ட வேகத்தில் ‘ஐ ஆம் கோ’ என்று எல்லா இடத்திலும் ஒன்றைச் செருகவும் தொடங்கினேன்.

என்னை அதிக நாள் அலைக்கழித்தது ‘டூ’ என்ற சிறு சொல். தமிழில் வினா எழுப்ப ஓர் ஆகாரம் போதும். அதையும் விரும்பிய சொல்லில் ஏற்றலாம். ‘நீ நேற்று வந்தாயா’, ‘நீ நேற்றா வந்தாய்’, ‘நீயா நேற்று வந்தாய்’ என்று மூன்று வெவ்வேறு ஐயங்களை அந்த ஒரே எழுத்து கேட்டுவிடுகிறது. ஆங்கிலத்திலோ, துணைவினை ஏதும் இல்லாத வாக்கியத்தை வினாவாக்க ‘டூ’ என்ற கூலியாளை அழைத்து முன்னால் நிறுத்த வேண்டும். நான் தவறாமல் எழுதியது ‘டிட் யூ கேம்’. வந்தது இறந்தகாலத்தில்தானே, ‘கேம்’ என்றால் என்ன குறை என்று வாதாடியிருக்கிறேன். கூலியாள் வந்தவுடன் காலச் சுமையை அவனே வாங்கிக்கொள்கிறான் என்பதும், அதனால்தான் ‘டூ’ என்பது ‘டிட்’ ஆகி முதன்மை வினை ‘கம்’ என்ற பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்பதும் புரிந்த பிறகு அந்தப் பிழை பெரும்பாலும் நின்றது. எதிர்மறையிலும் இதே கதைதான். 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘டூ’ இல்லாமல் வினையையே முன்னால் கொண்டுவந்து கேட்கும் வழக்கமும் அதனுடன் கூடவே இருந்தது என்று அறிந்தபோது, இது எப்போதும் இருந்த சட்டமன்று என்ற சிறு ஆறுதல் கிடைத்தது.

‘எ’, ‘தி’ இரண்டும் தமிழில் இல்லை என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ‘புத்தகம் வாங்கினேன்’ என்கிறோம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் எந்தப் புத்தகம் என்பது முக்கியமில்லை. இரண்டாவதில் நமக்குள் ஏற்கெனவே பேச்சில் இருந்த புத்தகம். அஃறிணையில் அந்த ‘ஐ’ உருபு செய்யும் இந்த வேலை, ‘தி’ செய்யும் வேலைக்கு மிக அருகில் இருக்கிறது. எழுவாயில் உருபு இல்லையென்றாலும், ‘ஒரு மாணவர் வந்தார்’ என்பதற்கும் ‘மாணவர் வந்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் கற்பிக்காமலே அறிந்திருக்கிறோம். கேட்பவருக்கு எது என்று தெரியுமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ‘எ’ வருமா ‘அன்’ வருமா என்பது செவியின் கணக்கு: ‘அம்பிரெல்லா’வும் ‘யுனிவர்சிட்டி’யும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும், முன்னதன் ஒலி உயிர் என்பதால் ‘அன்’, பின்னதன் ஒலி யகரம் என்பதால் ‘எ’.

காலங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘வந்திருக்கிறார்’ என்பதை ‘ஹேஸ் கம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தொடங்கினேன், பல இடங்களில் பொருந்தவும் செய்தது. ஆனால் வாசலில் செருப்புத் தடத்தைப் பார்த்து ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். நேரில் பார்க்கவில்லை, ஊகிக்கிறேன் என்ற குறிப்பு அதில் உண்டு. ஆங்கில வடிவத்துக்கு அந்தக் குறிப்பு இல்லை, ‘எஸ்டர்டே’ போன்று முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொல்லோடு அது சேர்வதும் இல்லை. ‘கேம்’ என்றே சொல்ல வேண்டும்.

ஒரு மொழியை இன்னொரு மொழியின் கண்ணால் பார்ப்பது தவறு என்று என்னிடம் சிலர் சொன்னதுண்டு. ஆங்கிலத்துக்கென முதலில் அச்சான இலக்கண நூலாகக் கருதப்படும் வில்லியம் புல்லோக்கரின் 1586ஆம் ஆண்டு நூலே லத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்க்கப்பட்டதுதான். லத்தீனுக்கு இருந்த உரிமை தமிழுக்கும் இருக்கட்டும் என்று குறிப்பேட்டைத் தொடர்ந்தேன்.

இப்போது முன்னிடைச் சொற்களில் நிற்கிறேன். அறையில், மேசையில், வாசலில் என்று நமக்கு ஒரே ‘இல்’. அங்கே முறையே ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’. சூழ்ந்திருந்தால் ‘இன்’, பரப்பின் மீதிருந்தால் ‘ஆன்’, புள்ளியாக எண்ணினால் ‘அட்’ என்பது வரை சரி. காரில் போனால் ‘இன்’ என்றும் பேருந்திலோ விமானத்திலோ போனால் பொதுவாக ‘ஆன்’ என்றும் பார்த்தபோது, உள்ளே எழுந்து நடமாட முடிந்தால் ‘ஆன்’, உட்கார மட்டும் முடிந்தால் ‘இன்’ என்று பெருமையுடன் ஒரு விதியைக் குறித்துக்கொண்டேன். மறுநாளே மிதிவண்டி வந்தது. அதில் நடமாடவும் முடியாது, ஆனாலும் அதற்கு ‘ஆன்’தான்.