ஒரு கேம் விற்குமா என்பது எப்போது முடிவாகிறது?

கேம் ஓடவில்லை என்றால் உடனே வரும் பேச்சு, "மார்க்கெட்டிங் பத்தவில்லை" என்பது. பல நேரம் நோய் வேறு இடத்தில் இருக்கும். எந்த கேமைச் செய்வது என்று தீர்மானித்த அன்றே விற்பனையில் பெரும்பங்கு முடிவாகிவிடுகிறது என்பது என் கணிப்பு. மிச்சத்தை ஆன்லைன் கடையில் கேமுக்கு இருக்கும் பக்கமும் முதல் இரண்டு மணி நேர ஆட்டமும் தீர்மானிக்கின்றன. வெளியீட்டு வார விளம்பரம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது.

முதலில் பணக் கணக்கு. 15 டாலர் விலையுள்ள பிசி கேம் ஒன்று 10,000 பிரதி விற்றதாக வைத்துக்கொள்வோம். பார்த்ததும் 1,50,000 டாலர் என்று தோன்றும். ஆனால் பலர் தள்ளுபடி வரும்வரை காத்திருப்பார்கள். பல நாடுகளில் உள்ளூர் விலையும் குறைவு. சராசரியாகப் பிரதிக்கு 9 டாலர் வந்தால் 90,000. வரியும், பிடிக்காமல் திருப்பியவர்களுக்குக் கொடுத்த பணமும் (ரீஃபண்ட்) போக 75,000. பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் தன் 30 சதவீதத்தை எடுத்தபின் கையில் நிற்பது 52,500. மூன்று பேர் இரண்டு வருடம் உழைத்திருந்தால் அது 72 ஆள்-மாதம், அதாவது ஒருவருக்கு மாதம் 730 டாலர்கூட இல்லை. இசைக்கும் மொழிபெயர்ப்புக்கும் கொடுத்த பணத்தை இன்னும் கழிக்கவே இல்லை. விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் ஸ்டீமின் பங்கு 25 சதவீதமாகவும், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதமாகவும் இறங்கும். எபிக் என்ற நிறுவனம் 2018இல் 12 சதவீதப் பங்கோடு போட்டிக் கடை திறந்தது. பங்கு குறைவுதான், ஆனால் வாங்கும் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேமும் இருந்தாக வேண்டும்.

பத்தாயிரம் பிரதி என்பதே நல்ல விற்பனை. அதனால் செலவு ஒருபுறம், எந்த வகை கேம் என்பது இன்னொருபுறம், இரண்டையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். வகையைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. நீங்கள் செய்ய நினைக்கும் அதே வகையில், அதே விலையில், கடந்த இரண்டு வருடத்தில் வந்த 20 கேம்களை எடுங்கள். தேடல் முடிவின் உச்சியில் நிற்பவற்றை மட்டும் பொறுக்காமல், வெளியான தேதி வரிசையில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் ரிவ்யூ எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை 30ஆல் பெருக்கினால் விற்ற பிரதிகளின் தோராயம் கிடைக்கும். கேமுக்கு கேம் இது மாறும் என்றாலும் ஒப்பிடுவதற்குப் போதும். பிறகு பட்டியலின் நடுவில் இருக்கும் கேமைப் பாருங்கள். அந்த நடு கேமின் வருமானத்தில் உங்கள் செலவு அடங்கவில்லை என்றால் திட்டத்தைச் சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் வகையை மாற்ற வேண்டும்.

பிசியில் ரோக்லைக் (தோற்றால் முதலிலிருந்து, ஒவ்வொரு முறையும் மாறி வரும் ஆட்டம்), நகரம் கட்டுவது, பிழைத்திருந்து பொருள் செய்வது, திகில் போன்ற வகைகளுக்குத் தீராத பசி உண்டு. ஒன்றை முடித்தவர் அடுத்ததைத் தேடி வருவார். புதிர் கலந்த பிளாட்ஃபார்மர் (தாவித் தாவிக் கடக்கும் கேம்) செய்பவர்கள் ஏராளம், வாங்குபவர்கள் கொஞ்சம். 2024 பிப்ரவரியில் வந்த பலாட்ரோ என்ற போக்கர் சீட்டு கேம் ஒரு மாதத்துக்குள் 10 லட்சம் பிரதி விற்றது. போக்கரின் சீட்டுச் சேர்க்கைகள் பலருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் கற்றுக்கொடுக்கும் வேலை பாதியாகிறது. அதற்கு மேல் வரும் திருப்பம் மட்டும் புதிது. தெரிந்த அடித்தளத்தில் ஒரே ஒரு புதுமையை வைக்கும் இந்த அமைப்பு திரும்பத் திரும்ப வேலை செய்கிறது.

ஆன்லைன் போட்டி கேம் செய்ய நினைப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட்டாக வேண்டும். ஐந்துக்கு ஐந்து ஆட்டம் என்றால் ஒரு மேட்ச்சுக்கு 10 பேர். 4 பிராந்தியம், 3 திறன் நிலை, 2 ஆட்ட முறை என்று பிரித்தால் ஆட்டக்காரர்கள் மேட்ச்சுக்குக் காத்திருக்கும் வரிசைகள் தனித்தனியாக 24 உண்டாகும். ஒவ்வொரு வரிசையிலும் நிமிடத்துக்கு ஒரு மேட்ச் தொடங்க வேண்டும், ஒரு மேட்ச் 15 நிமிடம் ஓடும் என்றால், எந்த நேரத்திலும் வரிசைக்கு 150 பேர் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். மொத்தம் 3,600 பேர், நள்ளிரவிலும்கூட. அந்த எண்ணிக்கை குறையும்போது காத்திருப்பு நீள்கிறது, காத்திருப்பு நீண்டால் இருப்பவர்களும் கிளம்புகிறார்கள். சோனியின் கான்கார்ட் என்ற ஐந்துக்கு ஐந்து துப்பாக்கிச் சண்டை கேம் 2024 ஆகஸ்ட் 23இல் 40 டாலர் விலையில் வந்தது, செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டு வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஓவர்வாட்ச் 2, வேலரன்ட் போன்ற அதே வகை கேம்களை இலவசமாக ஆட முடிகிற களத்தில் அது காசு கேட்டது. நண்பர்கள் நால்வரும் சேர்ந்து வாங்கினால்தான் ஒருவர் ஆடுவார் என்ற இடத்தில் விலை ஒரு பெரிய சுவர். தயாரிப்புத் தரம் அந்தச் சுவரைத் தாண்ட உதவவில்லை.

இனி கடைப் பக்கம். ஸ்டீம் பட்டியல்களில் கேமைக் காட்டும் சிறு படத்துக்கு கேப்ஸ்யூல் என்று பெயர், அது சில இடங்களில் 120×45 பிக்சல் வரை சுருங்கும். உங்கள் ஓவியத்தை அந்த அளவுக்குச் சுருக்கி, மற்ற இருபது கேப்ஸ்யூல்களின் நடுவில் வைத்துப் பாருங்கள். பெயர் படிக்க முடிகிறதா? என்ன வகை கேம் என்று ஊகிக்க முடிகிறதா? மெல்லிய எழுத்து, இருண்ட பின்னணி, நாலைந்து கதாபாத்திரங்கள் நிற்கும் கூட்டக் காட்சி, இவைதான் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள். விருதுப் பெயரோ ரிவ்யூ மதிப்பெண்ணோ கேப்ஸ்யூலில் போட ஸ்டீம் விதிகள் அனுமதிப்பதில்லை, எனவே முழுப் பாரமும் படத்தின் மேல்தான்.

டிரெய்லரில் லோகோ மெல்லத் தோன்றி மறையும் அந்த எட்டு நொடியை வெட்டிவிடுங்கள். முதல் நொடியிலேயே ஆட்டம் தெரிய வேண்டும், அதுவும் ஒலி இல்லாமலே புரியும்படி. சிறு விளக்கத்துக்கு சுமார் 300 எழுத்துதான் இடம். அதைக் கதைச் சுருக்கத்துக்குச் செலவழிக்காமல், ஆடுபவர் என்ன செய்வார் என்பதை வினைச்சொற்களில் எழுதுங்கள்: கட்டுவார், ஒளிவார், சீட்டைச் சேர்ப்பார். கேமின் வகையைச் சொல்லும் குறிச்சொற்களான டேக்குகளில் முதலில் நிற்பவைதான் உங்களை யாருக்குக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. 'இண்டி', 'ஆக்‌ஷன்' போன்ற பொதுச் சொற்களை அங்கே வைத்தால் இடம் வீண்.

பக்கத்தை எவ்வளவு முன்னால் திறக்கிறோமோ அவ்வளவு விஷ்லிஸ்ட் (பின்னால் வாங்கலாம் என்று கேமைக் குறித்துவைப்பது) சேரும். விஷ்லிஸ்ட்டில் போட்டவருக்குக் கேம் வெளியாகும்போது ஒரு மின்னஞ்சல் போகும், பிறகு 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி வரும்போதும் போகும். வெளியீட்டுக்கு முன், விரைவில் வரும் பிரபல கேம்களைக் காட்டும் ஸ்டீமின் 'பாப்புலர் அப்கமிங்' பட்டியலில் ஏற 7,000 விஷ்லிஸ்ட் வேண்டும் என்று டெவலப்பர்கள் சொல்வதுண்டு. அது அனுபவத்தில் வந்த எண்தானே ஒழிய ஸ்டீமை நடத்தும் வால்வ் அறிவித்த விதி அல்ல. ஸ்டீமின் டெமோத் திருவிழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேமுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். அதை அவசரப்பட்டுச் செலவழிப்பது பெரிய தவறு. டெமோவைச் சில வாரம் முன்பே வெளியிட்டு, எந்த இடத்தில் ஆட்டக்காரர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்து, அதைச் சரிசெய்தபின் திருவிழாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே அந்த 120 நிமிடம்தான் உண்மையான விற்பனைக்களம். இருபது நிமிட அறிமுகக் காட்சி, நிறுத்த முடியாத டுடோரியல், சின்ன லேப்டாப்பில் திணறும் முதல் காட்சி, பட்டன்களை மாற்றியமைக்க வசதி இல்லாமை, இவை ரீஃபண்டாகவும் மோசமான ரிவ்யூவாகவும் திரும்பி வரும். முதல் 10 ரிவ்யூ சேர்ந்தபின் மதிப்பீடு கடைப் பக்கத்தில் தெரியத் தொடங்கும். அப்போது அது 'கலவை' என்று நின்றுவிட்டால் அதைத் தூக்கி நிறுத்தப் பல மாதம் பிடிக்கும். வெளியீட்டுக்கு அடுத்த மூன்று நாளை முழுக்க பிழைகளைத் திருத்தும் பேட்ச் வேலைக்கு ஒதுக்குங்கள், ஊருக்குப் போகும் திட்டம் எதுவும் வேண்டாம்.

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. அமாங் அஸ் என்ற ஆன்லைன் கேம் 2018இல் வந்தது, 2020இல் ட்விட்ச் தளத்தில் நேரலையாக ஆடிக்காட்டும் ஸ்ட்ரீமர்கள் அதை எடுத்து ஆடியபோதுதான் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த இரண்டு வருடம் கேமை அணையாமல் வைத்திருக்கச் சிறிய குழுவாலும் குறைந்த செலவாலும்தான் முடிந்தது. மாதச் செலவு பெரிதாக இருந்திருந்தால் சர்வர் அதற்குள் மூடப்பட்டிருக்கும்.

இலவச மொபைல் கேமில் விதியே வேறு. ஒரு ஆட்டக்காரரைக் கொண்டுவரும் விளம்பரச் செலவு, அவர் வாழ்நாளில் தரும் வருமானத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 2 டாலர் கொடுத்து அழைத்து வந்தவர் 1.80 தந்தால், ஆட்டக்காரர்கள் கூடக் கூட நஷ்டமும் கூடும். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததும், ஆப்கள் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டியதாயிற்று. செலவழிப்பவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வது அதன்பின் கடினமாகிவிட்டது.

மீண்டும் பிசி கேமுக்கு வந்தால், விலையைப் பொறுத்தவரை, பயத்தில் குறைத்து வைப்பதுதான் பொதுவான பிழை. 15 டாலரிலிருந்து பின்னால் 20, 33, 50 சதவீதம் என்று படிப்படியாக இறங்கலாம், ஒவ்வொரு படியிலும் விஷ்லிஸ்ட் மின்னஞ்சல் ஒரு புதிய கூட்டத்தைக் கூட்டிவரும். 5 டாலரில் தொடங்கினால் இறங்கப் படியே இருக்காது. வெளியீட்டுத் தள்ளுபடி 10 சதவீதம் போதும், அது முடிந்து 30 நாளுக்கு வேறு தள்ளுபடி வைக்க முடியாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு தேதியைக் குறியுங்கள்.