மிஞ்சிய புல்லும் வடியும் சாறும்

மழையும் வெயிலும் அளவாக அமையும் வாரங்களில் பால்பண்ணையின் புல்வெளி மாடுகள் மேய்ந்து தீர்ப்பதைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. மழை பொய்த்தாலோ, அதே வெளியில் மாடுகள் வாய்வைக்கக்கூட ஒன்றும் இருப்பதில்லை. பருவம் தவறித் தவறி வரும் இக்காலத்தில் மிகுதிக்கும் பற்றாக்குறைக்கும் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே, உபரிப் புல்லைக் குழியிலோ கட்டிலோ காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து, ஊறுகாய்ப்புல்லாக (சைலேஜ்) பதப்படுத்திச் சேமிப்பது பண்ணையின் முதன்மையான வேலைகளுள் ஒன்றாகிவிட்டது. இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. சேமிப்பில் நாம் இழக்கும் சத்து எங்கும் மறைந்துபோவதில்லை. ஓடையிலோ நிலத்தடி நீரிலோ காற்றிலோ போய்ச் சேர்கிறது. அதனால் தீவனம் வீணாகாமல் காப்பதையும் சுற்றுச்சூழலைக் காப்பதையும் இரண்டு வேலைகளாக நான் பார்ப்பதில்லை.

புல் மிஞ்சத் தொடங்கியதும் நான் முதலில் கேட்பது, அந்த வயலுக்கு அடுத்து இடவேண்டிய உரத்தை நிறுத்திவைக்க முடியுமா என்பதைத்தான். தேவைக்கு மேல் இட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறி மழைநீரோடு இறங்கிவிடும். அடுத்து வருவது வெட்டும் நேரம். இன்னும் ஒரு வாரம் விட்டால் இன்னும் கொஞ்சம் எடை கிடைக்குமே என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் கதிர் வெளிவந்தபின் தண்டு முற்றி, நார் கூடி, செரிமானத்தன்மை விரைவாகக் குறைகிறது. அத்தகைய புல்லைத் தின்னும் மாடு, கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் கூடுதல் மீத்தேனை வெளிவிடுகிறது. பாலின் குறைவை ஈடுகட்ட வெளியிலிருந்து அடர்தீவனம் வாங்கினால், அதனுடன் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பண்ணைக்குள் நுழைந்து, கடைசியில் சாணமாகி நம் நிலத்தின் மேலேயே சுமையாக நிற்கின்றன. எடை சற்றுக் குறைந்தாலும் இளம்பருவத்தில் வெட்டுவதே சரி என்று நான் வாதிடுவது இதனால்தான்.

வெட்டும் முறையிலும் கவனம் வேண்டும். வயலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டே போனால், தரையில் வாழும் பறவைகளும் முயல்களும் நடுவில் சிக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டினால் அவை தப்பி ஓட வழி கிடைக்கும்.

வெட்டிய புல்லை வாட்டுவதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்பேன். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர்தான். அதை அப்படியே குழியில் கொட்டி மூடினால் சாறு வடியத் தொடங்கும். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரைவிட ஏறத்தாழ 200 மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சக்கூடிய அந்தச் சாறு ஓடையில் கலந்தால், மீன்கள் மூச்சுவிட முடியாமல் மடியும். அமிலத்தன்மை மிகுந்திருப்பதால் அது கான்கிரீட் தளத்தையும் அரிக்கும். நீர் நீங்கலாக மிஞ்சும் உலர்பொருள் 30 சதவீதத்தை எட்டும்வரை வாட்டிவிட்டால் சாறு வடிவது பெரும்பாலும் நின்றுவிடும். கருவி இல்லாதபோது, நறுக்கிய புல்லைக் கைநிறைய அள்ளி இறுகப் பிழிந்து பார்ப்போம். விரலிடுக்கில் சாறு வழிந்தால் இன்னும் காயவேண்டும். கையைத் திறந்ததும் உருண்டை மெல்ல விரிந்து, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் ஏற்றிவிடலாம். மழை மேகம் திரளும் நாளில் இந்தச் சோதனைக்குக் கட்டுப்பட்டு நிற்பது கடினம் என்றாலும், கூடுமானவரை வானிலை அறிக்கையைப் பார்த்து வெட்டும் நாளையே தள்ளிவைப்பது நல்லது. ஈரம் மிகுந்து மண்ணும் கலந்த புல்லில் தீவனத்தைக் காக்கும் லாக்டிக் அமிலத்துக்குப் பதில், கெட்ட நாற்றமுள்ள பியூட்டிரிக் அமிலம் உருவாகி, குழியைத் திறக்கும்போதே நாற்றம் முகத்தில் அடிக்கும். மாடுகள் முகர்ந்துவிட்டு விலகிப்போகும்.

குழியை நிரப்பும்போது மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் டிராக்டரை ஓட்டிக் காற்றை வெளியேற்றி, தாமதமின்றி மூடிவிட வேண்டும். காற்றுப் புகாத இடத்தில் புல்லின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்ற, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4-ஐ நெருங்கி, தீவனம் நிலைத்துவிடும். குழியைத் திறந்தபின், தீவனம் எடுக்கும் பக்கமான முகப்பை நேராக வெட்டி எடுக்க வேண்டும். அதில் கைவைத்தால் இளஞ்சூடு தெரிகிறதென்றால், காற்று உள்ளே போய்ச் சத்தை எரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றாடம் எடுக்கும் அளவைக் கூட்டுவதைத் தவிர அதற்கு விரைவான தீர்வு இல்லை.

வெட்டி எடுத்த வயலிலிருந்து சாம்பல்சத்து (பொட்டாசியம்) பெருமளவில் வெளியேறியிருக்கும். கொட்டகையில் சேரும் சாணக்கரைசலை முதலில் அந்த வயலுக்கே திருப்பிவிட வேண்டும். அதுவும் மழை வரப்போகும் நாளிலோ நீர்நிலையை ஒட்டியோ இடக்கூடாது. இத்தனையும் செய்தபின்னும் எனக்கு நிறைவு தராமல் நிற்பது பிளாஸ்டிக் தாள்தான். உருளைக் கட்டுகளாகச் சுற்றினால் ஒவ்வொன்றுக்கும் பல அடுக்குத் தாள் செலவாகிறது, அதுவும் ஒரே ஒருமுறை பயன்பட்டுக் கிழிகிறது. அதனால் புல் ஓரளவு மொத்தமாகக் கிடைக்கும்போது குழியையே தேர்ந்தெடுக்கிறேன். சிறு சிறு உபரிகளுக்கு மட்டும் கட்டு. கழற்றிய தாளை மண்ணும் புல்லும் உதறி, உலர்த்திச் சுருட்டி வைத்தால்தான் மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதால், அந்த வேலையையும் தீவனம் எடுக்கும் வேலையோடு அன்றன்றே முடித்துவிடுகிறோம்.