அன்னபூர்ணா பேஸ் கேம்ப்: மூன்று மாணவர்களின் செலவுக் கணக்கு

வெளிநாட்டு மலையேற்றம் என்று பேச்சு எழுந்தபோது எங்கள் ஹாஸ்டலில் முதலில் அடிபட்ட பெயர்கள் வியட்நாமும் ஜார்ஜியாவும். விமான டிக்கெட் விலையைப் பார்த்ததுமே இரண்டும் கழன்றுகொண்டன. மிஞ்சியது நேபாளம்; அங்கே அன்னபூர்ணா சிகரத்தின் அடிவார முகாமான பேஸ் கேம்ப்வரை நடப்பது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ரயிலும் பஸ்ஸுமாகவே போய்ச் சேரலாம், பணத்தின் மதிப்பு நாளுக்கொரு விதமாக மாறாது. நம் 100 ரூபாய்க்கு அவர்களின் 160 ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் அப்படியே நிற்கிறது. நேபாளமெல்லாம் ஒரு வெளிநாடா என்று சீனியர் ஒருவர் சிரித்தார். அவர் தாய்லாந்து போக ஆறு மாதமாகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அன்னபூர்ணா பகுதிக்கு நல்ல காலம் அக்டோபர், நவம்பர். அடுத்தபடியாக மார்ச், ஏப்ரல். இந்த நான்கு மாதங்களிலும் கல்லூரி எங்களை விடாது. 2024 மே மாதம்தான் வாய்த்தது. மே என்றால் காலையில் சிகரங்கள் பளிச்சென்று தெரியும், மதியத்துக்குமேல் மேகம் மூடி மழை பிடித்துக்கொள்ளும். விடிந்ததும் நடக்கத் தொடங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட்டால் சமாளிக்கலாம். ஜூன் பாதியில் பருவமழை வந்துவிடும், ரத்தம் குடிக்கும் அட்டைப் பூச்சிகளும் வந்துவிடும். அதனால் கடைசித் தேர்வு முடிந்த கையோடு கிளம்புவதென்று முடிவானது.

எங்கள் மூவரில் ஒருவனிடம் ஆதாரைத் தவிர வேறு எதுவும் இல்லை. நேபாளப் பயணத்துக்கு ஆதார் செல்லுபடியாகும் அடையாள ஆவணம் அல்ல. பாஸ்போர்ட் வேண்டும், அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். ஓட்டுநர் உரிமமும் உதவாது. சோனௌலி எல்லையை இந்தியர்கள் நடந்தே கடக்கிறார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரைகூட விழுவதில்லை, பல நேரம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதெல்லாம் உண்மைதான். கேட்கும் நாளில் நாம் அங்கே நிற்க நேர்ந்தால் என்ன செய்வது? பிப்ரவரியிலேயே அவனை வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பிக்க வைத்தோம். தேர்தல் ஆண்டானதால் அவன் ஓட்டும் போட்டான்.

கோவையிலிருந்து, எல்லைக்கு அருகே உள்ள கோரக்பூருக்கு ரப்திசாகர் எக்ஸ்பிரஸ். ஸ்லீப்பர் கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், பயணம் இரண்டு நாளுக்கு மேல். கோடையில் வடக்கே ஊர் திரும்பும் தொழிலாளர் கூட்டம் மிக அதிகம். அப்போது 120 நாள் முன்பதிவு இருந்ததால் இடம் கிடைத்தது. இப்போது அது 60 நாள்தான். நேபாளத்தின் முக்திநாத் கோயிலுக்குப் போகும் வைணவப் பெரியவர்கள் சிலர் அதே பெட்டியில் வந்தார்கள். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் அந்த வட்டாரம்தான் என்பதால் அங்கே போகும் வழியில் உள்ள, எங்கள் மலையேற்றத்துக்கும் வாசலான பொக்காரா என்ற ஊர்ப்பெயர் என் பாட்டிக்கு முன்பே பழக்கம். வீட்டில் அனுமதி வாங்கித் தந்ததும் பாட்டிதான். அம்மாவின் எதிர்ப்பு அவரிடம் செல்லவில்லை.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதற்குத்தான் மிக அதிகம் யோசித்தோம். நாங்கள் போன காலத்தில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு நேபாளத்தில் அனுமதி இல்லை. ஆகவே வங்கியில் நூறு ரூபாய்க் கட்டுகளாகக் கேட்டு வாங்கினோம். காசாளர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் நேபாளக் கடைகளில் நம் யு.பி.ஐ. வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பொக்காராவில் அது உதவியது. மலைமேல் ஏ.டி.எம். கிடையாது, சிக்னலும் நிலையில்லை. மலைச் செலவு முழுவதையும் நேபாளப் பணமாக மாற்றி, மூன்று பைகளில் பிரித்து வைத்துக்கொள்வதுதான் சரி.

சோனௌலியைத் தாண்டி, பைரஹவாவில் பஸ் பிடித்து, பால்பா வழியாக வளைந்து வளைந்து பொக்காரா. ஒரு பகல் அதிலேயே போய்விடும். கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே நகர்த்திக்கொள்ள வேண்டும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு மற்ற வெளிநாட்டினருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா உள்ளிட்ட தெற்காசிய சார்க் நாட்டவருக்கு 1,000. இங்கே மிச்சப்படும் பணம் வழிகாட்டிக்குப் போகும். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலையேறிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும் என்பது விதி. தனியாகப் போகும் மாணவருக்கு இது பெரிய சுமை. மூவராகப் பகிர்ந்ததால் எங்களுக்குத் தாங்கியது. அவர் வாங்கிய கூலிக்கு மேலாகவே பயன் இருந்தது: பேஸ் கேம்புக்குப் போகும் வழியில் உள்ள தேவுராலியில் அறைகள் கொஞ்சம்தான், அவர் முந்தின நாளே போனில் சொல்லி வைக்காவிட்டால் உணவுக்கூடத்தில்தான் படுத்திருப்போம்.

மலையில் எல்லா விலையும் உயரத்தோடு ஏறுகிறது. ஜீப் சாலை ஜீனு என்ற ஊருக்கு அருகோடு முடிகிறது. அதற்குமேல் ஒவ்வொரு மூட்டை அரிசியும் கோவேறு கழுதையின் முதுகிலோ மனித முதுகிலோ ஏற வேண்டும். சோம்ரோங் சுமார் 2,170 மீட்டர். கடைசி ஊர் அதுதான், பிறகு வருவதெல்லாம் தங்கும் விடுதிகள். அங்கே ஒரு தட்டு தால் பாத் விற்ற விலைக்கும் பேஸ் கேம்பில் விற்ற விலைக்கும் பல நூறு ரூபாய் வித்தியாசம். மேலே அது ஆயிரம் நேபாள ரூபாயை நெருங்கியது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை போடும் கணக்கு இங்கே பொய்த்துவிடும். ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் என்று எழுதி, அதன்படி தொகை போட வேண்டும். அறை வாடகை மலிவு, ஆனால் அதே விடுதியில் சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். தால் பாத்தில் சோறும் பருப்பும் கல்யாணப் பந்தி போலக் கேட்கக் கேட்க வரும். நூடுல்ஸ் விலை குறைவு, பசி இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடும். சோம்ரோங்குக்கு மேலே பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் விற்பதில்லை. குளோரின் மாத்திரை கொண்டுபோனால் குழாய்த் தண்ணீரே போதும். போன் சார்ஜ், வைஃபை, வெந்நீர் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு. பெரிய பவர் பேங்க் ஒன்று மூவருக்கும் போதுமானதாக இருந்தது. தூங்குபையையும் கனத்த ஜாக்கெட்டையும் பொக்காராவில் வாடகைக்கு எடுத்தோம். வாழ்நாளில் இன்னொரு முறை போடுவோமா என்று தெரியாத ஜாக்கெட்டைக் கோவையில் காசு கொடுத்து வாங்குவது வீண்.

மிச்சம் பிடிக்கக் கூடாதது இரவுகளில். பணம் குறைந்த பலர் தேவுராலியிலிருந்து ஒரே மூச்சில் 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் அன்னபூர்ணா பேஸ் கேம்புக்கு ஏறி, ஓர் இரவு வாடகையைத் தவிர்க்கிறார்கள். உயர நோய் வராமலிருக்க, மூவாயிரம் மீட்டருக்குமேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பது நல்லது. நாங்கள் 3,700 மீட்டரில் மச்சாபுச்ரே பேஸ் கேம்பில் தங்கினோம். 1957-இல் ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பிய பிறகு, புனிதம் கருதி யாருக்கும் ஏற அனுமதி தராத சிகரம் அது. அதன் காலடியில் ஓர் இரவு தங்கக் கணக்குப் பார்ப்பவனோடு எனக்குப் பேச்சில்லை. காப்பீடும் அப்படித்தான்: மலிவான பாலிசிகள் பல குறிப்பிட்ட உயரத்துக்குமேல் மலையேற்றத்தை ஏற்பதில்லை. ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, எந்த உயரம்வரை என்று எழுத்தில் பார்த்து வாங்கினோம்.

உடற்பயிற்சிக்கு ஜிம் பணம் தேவைப்படவில்லை. மார்ச், ஏப்ரல் வார இறுதிகளில் வெள்ளியங்கிரி ஏழாம் மலைவரை, முதுகில் தண்ணீர்ப் பாட்டில் நிறைத்த பையோடு ஏறி இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டதால், சோம்ரோங்கின் படிக்கட்டுகள் எங்களைப் பெரிதாக மிரட்டவில்லை. மூங்கில் தடியைப் பூண்டி அடிவாரத்திலேயே விட்டுவிட்டோம்.

எல்லாம் சேர்த்து ஆளுக்கு முப்பதாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் மலையில் சாப்பாட்டுக்கும் வழிகாட்டிக்கும். அவசரத்துக்கென்று ஒதுக்கிய நூறு ரூபாய்க் கட்டு ஒன்று உடையாமலே எல்லை திரும்பியது. அதை வைத்துத் தட்கலில் ஏ.சி. பெட்டி எடுக்கலாமா என்று கோரக்பூர் நிலையத்தில் நெடுநேரம் விவாதம் நடந்தது. கட்டு என் பையில் இருந்ததால் ஸ்லீப்பரிலேயே வந்தோம்.