நகல் யாருக்கு?

மாட்டுங்காவில் நாங்கள் வளர்ந்த வீட்டில் அப்பாவின் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு கட்டு கார்பன் தாள் இருக்கும். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய தலைமுறை அவருடையது. தாள்களுக்கு நடுவே கார்பனைச் செருகி, விளிம்புகளை மேசையில் தட்டிச் சரிசெய்து, உருளையில் ஏற்றுவார். நான்காவது நகல் மங்கித்தான் வரும். ஓர் எழுத்து தவறினால் ஒவ்வொரு நகலிலும் தனித்தனியே அழித்துத் திருத்த வேண்டும். அதனால் நகல் பெறுவோர் வரிசையில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதென்றால், அவசியம்தானா என்று அதிகாரியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார்.

மின்னஞ்சலில் நாம் அன்றாடம் காணும் ‘சிசி’ அந்தக் கார்பன் நகலின் பெயர்ச்சுருக்கம்தான். உழைப்பு குறைந்ததோடு யோசனையும் குறைந்துவிட்டது என்பதைச் சென்ற மாதம் நானே உணர்ந்தேன்.

எங்களுக்குச் சரக்கு அனுப்பும் வாஷி நிறுவனம் ஒன்றின் இன்வாய்ஸில், 15 எழுத்துகள் கொண்ட எங்கள் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மாதக் கணக்கை முடிக்கும் பரபரப்பில், “இத்தகைய கவனக்குறைவு ஏற்கத்தக்கதல்ல” என்று எழுதி, அங்கே பில் போடும் தம்பிக்கு அனுப்பியதோடு, அவருடைய மேலாளரையும் சிசியில் சேர்த்துவிட்டேன். தாராவித் தமிழரான அந்தத் தம்பி பத்து நிமிடத்தில் தொலைபேசியில் அழைத்தார். “சார், எனக்கு மட்டும் ஒரு மெயில் போட்டிருந்தா உடனே திருத்திக் கொடுத்திருப்பேனே” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை வருத்தியது. என் மடலில் ‘மதிப்பிற்குரிய’வும் இருந்தது, ‘அன்புடன்’ என்ற முடிப்பும் இருந்தது. ஆயினும் ஒருவரை அவருடைய மேலதிகாரியின் முன் நிறுத்திவிட்டுச் சொல்லும் மரியாதைச் சொற்களுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

இணைய நாகரிகம் குறித்து 1995 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1855 என்னும் ஆவணம், உரையாடல் இருவருக்கிடையே என்று ஆகிவிட்டால் மற்றவர்களைச் சிசியில் தொடரவேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டு எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பவும் சொல்கிறது. ஜிமெயிலில் அனுப்பிய மடலைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 வினாடிகளே உண்டு. என் கோபம் தணிய அது போதாது.

மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் அனுப்பும் பிசிசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் அறியாத பலருக்கு அழைப்பு அனுப்பும்போது, அவர்களுடைய முகவரிகளைக் காப்பதற்கு அது மிக நல்ல ஏற்பாடு. சக ஊழியருக்கு எழுதுவதை மேலதிகாரிக்கு மறைவாகக் காட்டுவதற்கு அதைப் பயன்படுத்துவது கோள் சொல்வதே.

திருத்திய இன்வாய்ஸ் அன்று மதியமே வந்தது. நான் புதிய மடல் ஒன்றைத் தொடங்கி, பொருள் வரியில் ‘இன்வாய்ஸ் திருத்தம்: நன்றி’ என்று இட்டு, என் கடுமைக்கு வருத்தம் தெரிவித்து, அவர் காட்டிய விரைவையும் குறிப்பிட்டு அனுப்பினேன். இம்முறை அவருடைய மேலாளரின் பெயரை யோசித்தே சிசியில் சேர்த்தேன்.