கரண்டு இருக்குற வரைக்கும் ஈசிதான்

டெக்னாலஜி வாழ்க்கைய சுலபமாக்குதா சிக்கலாக்குதான்னு யாராவது பட்டிமன்றம் வச்சா ரங்கூன்காரங்கள மட்டும் கூப்பிடாதீங்க, நாங்க ரெண்டு அணியிலயும் உக்காந்து பேசுவோம், நடுவுல கரண்டு வேற போயிரும், நடுவர் தீர்ப்பு இருட்டுலதான்.

இந்த ஊர்ல போன் வந்த கதையே வேற. ஒரு காலத்துல இங்க சிம் கார்டு லட்சக்கணக்குல கியாட் (எங்க ஊரு பணம்), வசதியான வீட்டுலதான் இருக்கும், மத்தவங்களுக்கு ரோட்டோரத்துல மேசை போட்டு லேண்ட்லைன் வச்சிருப்பாங்களே அதுதான், நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு காசு, பின்னாடி நிக்கிறவர் நம்ம குடும்ப விஷயம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நிப்பாரு. 2013 ஏப்ரல்ல கவர்மெண்ட் குலுக்கல் போட்டு 1500 கியாட்டுக்கு சிம் குடுத்துச்சு, நாடு முழுக்க சேத்து 3,50,000 சிம்தான், பேர் விழுந்தவங்களுக்கு அன்னைக்கு என்ன மரியாதை தெரியுமா. அடுத்த வருஷமே வெளிநாட்டு கம்பெனிங்க வந்து அதே 1500க்கு பொட்டிக்கடையில தொங்க விட்டுட்டாங்க. கம்ப்யூட்டர் பக்கமே போகாத பெரியம்மா நேரா டச் போனுக்கு தாவிட்டாங்க, இப்ப 60கள்ல கப்பலேறி தமிழ்நாட்டுக்கு போன சொந்தத்தோட தினமும் வைபர்ல வீடியோ கால், அந்த பக்கம் சென்னை பர்மா பஜார்ல அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி காட்டுவாங்க, இதெல்லாம் ஒரு அத்தோவான்னு இவங்க இங்கேர்ந்து திட்டுவாங்க. கடுதாசி போட்டு மாசக்கணக்கா காத்திருந்த குடும்பம் இது, அதனால போனே வேணாம், பழைய காலம்தான் நல்லதுன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு கோவம்தான் வரும்.

ஆனா வேலை குறைஞ்சுச்சான்னு கேட்டா, இல்ல. பழைய வேலை அப்படியே இருக்கு, மேல புதுசு ஒன்னு ஏறிருச்சு, அவ்ளோதான். எங்க வீடு டவுன்ல லிப்ட் இல்லாத பில்டிங்ல மேல் மாடி. பால்கனியில இருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், மேல மணி, கீழ கிளிப்பு, ரங்கூன் பழைய தெருவுல இருந்தவங்களுக்கு தெரியும். ஆப்ல சாப்பாடு ஆர்டர் போடுவோம், பையன் சைக்கிள்ல வருவான் (டவுன்ல மோட்டார் சைக்கிளுக்கு தடை), மேப்ப பாத்து ரெண்டு தெரு தள்ளி நின்னுக்கிட்டு போன் அடிப்பான், வழி சொல்லி கூட்டிட்டு வந்தா கடைசியில கயித்த இழுத்து மணி அடிச்சு கிளிப்புல பைய மாட்டி விடுவான், நாங்க மேல இழுத்துக்குவோம். எதிர் வரிசையில மொய்ங்கா (மீன் குழம்பு ஊத்துன நூடுல்ஸ்) விக்கிற அம்மாவுக்கு இவ்ளோ தேவையில்ல, கீழ நின்னு ஒரு சத்தம், கயிறு எறங்கிரும்.

கரண்ட பத்தி தனியாவே எழுதணும். இத்தன மணி நேரம் வரும் இத்தன மணி நேரம் போகும்னு அட்டவணை இருக்கு, அதுபடி வந்தா அதிர்ஷ்டம். நடுராத்திரி வந்துச்சுன்னா மொத்த பில்டிங்கும் எந்திரிக்கும், தண்ணி மேல ஏத்த மோட்டார் போடணும், ரைஸ் குக்கர்ல அரிசி போடணும், வெள்ள சட்டைய தேய்க்கணும், போன், பவர் பேங்க், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாத்தையும் சார்ஜ் போடணும், எல்லாரும் ஒரே நேரத்துல போட்டா டிரிப் ஆகும், அப்புறம் மாடிப்படியில யார் வீட்டு ஏசின்னு ஒரு பஞ்சாயத்து. வேலைய குறைக்க வாங்குன மெஷினுக்கெல்லாம் தூக்கத்த விட்டு நாமதான் வேலை செய்யிறோம், எங்கம்மா இன்னும் கரி அடுப்ப பால்கனியில வச்சிருக்காங்க, தூக்கிப்போட சொல்ல எனக்கு வாய் வரல.

பணம்தான் பெரிய சண்டை. போன்லயே காசு குடுக்குற பே ஆப் வந்தது எங்களுக்கு எவ்ளோ நிம்மதின்னு வெளியூர்காரங்களுக்கு புரியாது, இங்க ஓரத்துல லேசா கிழிஞ்சிருந்தாலே நோட்ட வாங்க மாட்டாங்க, சில்லறை கேட்டா டிஷ்யூ பாக்கெட்டோ மிட்டாயோ கையில வைப்பாங்க. கியூஆர் ஸ்கேன் பண்ணா அந்த தொல்லை இல்ல, 850ன்னா 850 போகும். ஆனா அப்பாவ நம்ப வைக்க முடியாது. 1964ல 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னப்ப தாத்தா கடையோட சேத்து பணத்தையும் விட்டாரு. 1987 செப்டம்பர்ல 25, 35, 75 நோட்டு மூனும் ஒரே நாள்ல செல்லாம போச்சு, மாத்தியும் தரல, 75 நோட்டு வந்து ரெண்டு வருஷம் கூட முழுசா ஆகல. பதிலுக்கு 45, 90ன்னு நோட்டு அடிச்சாங்க, ஒன்பதுல வகுபடணுமாம், அப்பா கல்லாவுல உக்காந்து மீதி குடுக்குறதுக்குள்ள தலை சுத்தும்னு சொல்வாரு. கையில இருந்த காகிதமே செல்லாம போன ஆளுகிட்ட போன்ல நம்பர் தெரியுது பாருங்கப்பான்னா அவர் எப்படி நம்புவாரு.

அவர் பயந்த மாதிரியே 2021லயும் ஆச்சு. ராணுவம் ஆட்சிய புடிச்ச பிப்ரவரி 1 காலையில போனும் இல்ல நெட்டும் இல்ல, அடுத்த சில நாள்ல பேஸ்புக்க அடைச்சாங்க, அப்புறம் ராத்திரி முழுக்க நெட் கட், மார்ச்ல மொபைல் டேட்டாவே போச்சு, வீட்டுல வயர் நெட் இல்லாதவங்களுக்கு பே ஆப்ல காசு இருந்தும் இல்லாத கதைதான். பேங்க் பூட்டி கெடந்துச்சு, ஏடிஎம்ல விடியறதுக்கு முன்னாடியே வரிசை, பே காச கைக்காசா மாத்த ஏஜெண்ட் கமிஷன் புடிச்சான், ஒரே கியாட்டுக்கு ரெண்டு விலை. ஈசியா இருந்த பொருள் நம்மகிட்ட இல்ல, வேற யார் கையிலயோ ஒரு சுவிட்சா இருக்குன்னு அப்பதான் எல்லாருக்கும் ஒறைச்சுது. மெஷின்ல தப்பு இல்லங்க, சுவிட்ச் யார்கிட்டங்கிறதுதான் சிக்கல்.

இப்ப வீட்டுல ஒரு ஒப்பந்தம் ஓடுது, காய்கறி, பஸ் காசு, போன் பில் எல்லாம் என் பே கணக்கு, அரிசி மூட்டையும் மருந்தும் அப்பாவோட கைக்காசு. அரிசிக்கடை ஊலே (பர்மாவுல மாமான்னு கூப்பிடுறது) கைக்காசுன்னா மூட்டைக்கு கொஞ்சம் குறைச்சு குடுக்குறாரு, பேயில போட்டா பைசா குறைக்க மாட்டேங்குறாரு, அதனால இந்த விஷயத்துல அப்பாகிட்ட வாக்குவாதம் பண்றத நான் விட்டுட்டேன்.